ஐந்து வோல்ட் எங்கே தொலைந்தது? பழைய வீடியோ கேம் போர்டுகளில் சப்ளைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் மேசைக்குக் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியின் மூளையான பழைய ஆர்கேட் போர்டு ஒன்று வந்தால், அதோடு ஒரு வாக்குமூலமும் சேர்ந்தே வரும். “சப்ளை சரியாக இருக்கிறது அண்ணா. ஐந்து வோல்ட் வருகிறது, நானே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன்.” எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால், வீட்டு மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக்கித் தரும் சப்ளைப் பெட்டியின் திருகு முனையில் என்பார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்பதால் மாடித் தொட்டி நிறைந்துவிட்டதாக நாம் சொல்வதில்லை. இடையில் எத்தனை குழாய், எத்தனை இணைப்பு, எத்தனை கசிவு. மின்சாரத்துக்கும் அதே கதைதான்.

ஆகவே ஐந்து வோல்ட்டை அளக்க வேண்டிய இடம் போர்டில் இருக்கும் ஐ.சி.யின் கால். அதுவும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது. 74 வரிசை ஐ.சி.க்களில் 14 கால் என்றால் 14ஆம் காலில் பிளஸ், 7ஆம் காலில் கிரவுண்ட். 16 கால் என்றால் 16உம் 8உம். விதிவிலக்குகள் உண்டு: 7490, 7493 இரண்டிலும் பிளஸ் 5ஆம் காலில், கிரவுண்ட் 10ஆம் காலில். இசட்80 பிராசசர் என்றால் 11 பிளஸ், 29 கிரவுண்ட். கம்பிகள் வந்து போர்டில் சேரும் கனெக்டரிலிருந்து தள்ளியிருக்கும் ஓர் ஐ.சி.யைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அடுக்குப் போர்டு என்றால் இரண்டிலும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ரிப்பன் கம்பியிலும் வோல்ட் தொலையும்.

அங்கே 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். நான் 5.00 முதல் 5.05 வரை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். 7 வோல்ட் என்பது இந்த ஐ.சி.க்களின் உயிர் எல்லை. அதை ஒரு கணம் தொட்டாலும் சில திரும்பி வராது. மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பேட்டரி சோர்ந்த டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி நல்ல சப்ளையைக் குறைத்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. சப்ளைப் பெட்டிக்குள் 230 வோல்ட். பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். கீழே சொல்வதெல்லாம் போர்டுக்குப் போகும் 5, 12, மைனஸ் 5 வோல்ட் கம்பிகளைப் பற்றி மட்டும்தான். ஆட்டம் ஒழுங்காக ஓடி, படம் மட்டும் சுருங்கினாலோ அலைந்தாலோ அது மானிட்டரின் கோளாறு. பழகாதவர்கள் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

போட்டால் ஒன்றுமே இல்லை

முதலில் சப்ளையின் பக்கவாட்டில் 115, 230 என்று எழுதிய சிறு சுவிட்சைப் பாருங்கள். 115இல் இருந்தபடியே நம் ஊர் பிளக்கில் செருகியிருந்தால் உள்ளே ஃபியூஸும் பெரிய கெப்பாசிட்டர்களும் போயிருக்கும். படாரென்ற சத்தமும் கேட்டிருக்கும். ஜப்பானிலிருந்து முழுப் பெட்டியாக வந்தவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. அவற்றுக்கு வெளியே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிதாகப் போட்டு ஒரு முறை பாருங்கள், ஒரே முறை. அதன் மேல் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஃபியூஸ் எரிய மறுத்தால் போர்டு எரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் போர்டைக் கழற்றிவிட்டுச் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள். வெறும் சப்ளையை அளந்து முடிவுக்கு வர வேண்டாம்; ஸ்விட்சிங் சப்ளைகளில் (பெரிய டிரான்ஸ்பார்மர் இல்லாத, எடை குறைந்த வகை) பல, சுமை இல்லாவிட்டால் ஒழுங்காக இயங்காது. கார் பிரேக் விளக்கு ஒன்றை, 12 வோல்ட் 21 வாட், 5 வோல்ட் முனையில் கட்டிவிடுங்கள். மங்கலாக எரிந்துகொண்டு ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். ஸ்பேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த விளக்கு எனக்குப் பல வருடமாக உழைக்கிறது.

விளக்கோடு 5 வோல்ட் நிற்கிறது, போர்டை மாட்டினால் விழுந்துவிடுகிறது என்றால் போர்டில் ஷார்ட். மின்சாரம் இல்லாமல் போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். போர்டுக்குப் போர்டு வேறுபடும். ஆனால் ஒரு ஓமுக்கும் கீழே போனால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி, மஞ்சள் நிறத்தில் சொட்டு மாதிரி தொங்கும் டான்டலம் கெப்பாசிட்டர். அது சாகும்போது ஷார்ட்டாகிச் சாகும். மாற்றும்போது கவனம்: சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலத்தில் அடையாளம் இட்ட பக்கம் பிளஸ். மாற்றிப் போட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

கனெக்டரைத் திருப்பிச் செருகிய கதையும் இந்த அறிகுறியில்தான் சேரும். 1980களின் நடுவில் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வகுத்துக்கொண்ட ஜாமா இணைப்பில் ஒரு பக்கம் 28, மொத்தம் 56 முனைகள். தலைகீழாகச் செருகினால் 5 வோல்ட் போர்டுக்குப் போகாது. 12 வோல்ட் மட்டும் இரண்டாம் பொத்தானின் முனையில் போய் விழும். பொத்தான்களைப் படிக்கும் ஐ.சி. அதோடு முடிந்தது. அதைத் தடுக்கத்தான் 7ஆம் இடத்தில் ஒரு சாவித் தடுப்பு வைத்தார்கள். பழைய கனெக்டர்களில் அந்தத் துண்டு விழுந்துபோயிருக்கும்; இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டம் நடுவில் தானாகத் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் எளிது. பல போர்டுகளில் வோல்ட்டைக் காவல் காக்கும் ஒரு சிறு ஐ.சி. இருக்கும். எம்.பி.3771 என்றால் ஏறத்தாழ 4.2 வோல்ட்டிலும், டி.எல்.7705 என்றால் 4.55 வோல்ட்டிலும் பிராசசரைப் பிடித்து ரீசெட் செய்துவிடும். அது இல்லாத போர்டுகளிலும் வாட்ச்டாக் என்னும் சுற்று உண்டு; குறைந்த வோல்ட்டில் பிராசசர் தடுமாறி நின்றால், அது தட்டி எழுப்பி மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கும்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருவில் காபிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வருடம் கூப்பிட்டார். பெரிய குண்டு வெடிக்கும்போதெல்லாம் ஆட்டம் தொடக்கத்துக்குப் போய்விடுகிறதாம். மென்பொருளில் தகராறு என்று யாரோ சொல்லி, ஆட்டத்தின் புரோகிராம் இருக்கும் ரோம் ஐ.சி.க்களை எல்லாம் மாற்றியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். சப்ளை முனையில் 5.08. ஐ.சி. காலில் 4.61. நடுவில் 0.47 வோல்ட்டைக் காணோம்.

தொலைந்ததைத் தேட வழி இருக்கிறது. ஆட்டம் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைச் சப்ளையின் கிரவுண்ட் திருகிலும், மறு முனையை ஐ.சி.யின் கிரவுண்ட் காலிலும் வையுங்கள். இரண்டுமே கிரவுண்ட்தானே, பூஜ்யம் வர வேண்டாமா? அங்கே 0.29 வோல்ட் வந்தது. பிறகு இதேபோல் பிளஸ் திருகுக்கும் பிளஸ் காலுக்கும் இடையில்: 0.18. கூட்டினால் 0.47. கணக்கு நேரானது. இனி அந்த 0.29 எந்த இணைப்பில் என்று ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்க்க வேண்டும்: திருகிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து கனெக்டரின் முதுகுக்கு, முதுகிலிருந்து போர்டின் பட்டைக்கு. கடைசிப் படியில் மாட்டியது. இந்தச் சோதனையில் ஒரு இணைப்பில் 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நான் அதை விடுவதில்லை.

கனெக்டரை இழுத்துப் பார்த்தபோது ஒன்று, இரண்டு எண்ணிட்ட கிரவுண்ட் இடங்களில் பச்சைப் பிளாஸ்டிக் தேன் நிறத்துக்குக் கறுத்திருந்தது. உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு அழுத்தம் இழந்து படுத்துக் கிடந்தது. போர்டின் பட்டையில் தங்கம் தேய்ந்து, செம்பு தெரிந்து, அதன் மேல் களிம்பு பூத்திருந்தது. அந்தப் போர்டு ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கிறது. 0.29 வோல்ட்டை 4ஆல் பெருக்கினால் ஒரு வாட்டுக்கு மேல். நகக்கண் அளவு இடத்தில் நாள் முழுவதும் ஒரு வாட் சூடு என்றால் பிளாஸ்டிக் கறுக்காமல் என்ன செய்யும்? சூட்டில் நாக்கு மேலும் தளரும். தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். குண்டு வெடிப்பின்போது ஒலிப்பகுதி 12 வோல்ட்டிலிருந்து கூடுதலாக இழுக்கிறது. அந்த மின்சாரமும் இதே கிரவுண்ட் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதனால்தான் வெடிக்கும் அந்தக் கணத்தில் போர்டு மயங்கி விழுந்தது.

கடல் காற்று நமக்கு நல்லது, கனெக்டருக்கு இல்லை. புதுச்சேரி கடற்கரையிலும் தேவனாம்பட்டினம் பக்கத்திலும் இருக்கும் பெட்டிகளை வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பட்டைகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். உப்பு செய்த கெடுதலை உப்புத்தாளால் எடுக்கப் போய், மிச்சமிருக்கும் தங்கத்தையும் சுரண்டிவிடுவீர்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையைக் கடந்த பிறகு, நனைந்த போர்டுகள் சில வந்தன. உப்புத் தண்ணீர் பட்டதை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பல நாள் உலர்த்தி, அதன் பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டுப் பார்த்தவை பிழைக்கவில்லை.

கறுத்த கனெக்டரைத் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். ஜாமாவில் கிரவுண்டுக்கு எட்டு முனைகள், 5 வோல்ட்டுக்கு நான்கு. மலிவான கம்பிக் கட்டுகளில் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இணைத்திருப்பார்கள். அத்தனை முனையையும் இணைத்து, 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சப்ளை வரை கொண்டுபோங்கள். கடையில் ஒன் ஸ்கொயர் என்று கேட்டால் தருவார்கள்.

இனி, பலரும் முதலில் செய்வதும் நான் கடைசியில் செய்வதும்: சப்ளையில் வோல்ட்டை ஏற்றி இறக்கும் ப்ரீசெட் என்னும் சிறு திருகைத் திருகுவது. ஐ.சி.யில் 4.6 இருக்கிறது, ஆகவே சப்ளையை 5.5க்கு ஏற்றுவோம் என்று நினைப்பார்கள். ஏற்றினால் ஆட்டம் ஓடும், பில்லும் போடலாம். ஆனால் கறுத்த இடத்தில் சூடு அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து கனெக்டரைச் சுத்தம் செய்வார், தொலைந்த அரை வோல்ட் திரும்ப வரும், போர்டின் தலையில் 5.5 வந்து உட்காரும். அதனால் யாருடைய பெட்டியாக இருந்தாலும், கனெக்டரைத் தொடும் முன் ப்ரீசெட்டைக் குறைத்துவிட்டு, மாட்டிய பிறகு ஐ.சி. காலில் மீட்டர் வைத்தபடி ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

சில பழைய சப்ளைகளில், அட்டாரி பெட்டிகளில் இருப்பதுபோல, போர்டில் எவ்வளவு இருக்கிறது என்று திரும்பக் கேட்டறிய ஒரு மெல்லிய தனிக் கம்பி போகும். வழியில் குறைந்ததை அது தானே ஈடுகட்டிவிடும். நல்ல ஏற்பாடு. அந்தக் கம்பி அறுந்தால், போர்டுக்கு ஒன்றும் வரவில்லை என்று எண்ணி அது வோல்ட்டை ஏற்றத் தொடங்கும். ஆகவே அந்தப் பெட்டிகளில் ப்ரீசெட்டைத் தொடும் முன் அந்தக் கம்பியின் இணைப்பை மீட்டர் வைத்துச் சோதியுங்கள்.

1980இல் வந்த பேக்-மேன் வேறு சாதி. அதற்குப் போவது நேர் மின்சாரமே இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து 7 வோல்ட் மாறு மின்சாரம் கனெக்டர் வழியாக நேரே போர்டுக்குப் போய், அங்கேதான் 5 வோல்ட்டாகிறது. அதில் மீட்டரை ஏ.சி. அளவில் வைத்தால்தான் ஏதாவது தெரியும். கறுக்கும் இடமும் அந்த முனைகள்தான்.

படத்தில் குப்பை, தப்பான எழுத்து, கலைந்த நிறம்

முதலில் ஐ.சி. காலில் 5 வோல்ட் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. 4.7இல் பிராசசர் ஓடிவிடும், தற்காலிக நினைவகமான ரேம் மறந்துவிடும். அப்போது படம் இப்படித்தான் வரும்.

5 வோல்ட் சரி என்றால், ரேமின் எண்ணைப் படியுங்கள். 4116 என்று இருந்தால் மைனஸ் 5 வோல்ட் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபென்டர் போன்ற பழைய போர்டுகளில் இந்த ரேம்தான். இதற்கு 5, 12, மைனஸ் 5 மூன்றும் வேண்டும். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் கிடைத்தால் தவறாக ஓடுவதோடு நிற்காது, செத்தே போகும். மைனஸ் 5 முதலில் வந்து கடைசியில் போக வேண்டும் என்பது அதன் சட்டம். பிறகு வந்த 4164 இந்தத் தொல்லை இல்லாமல் 5 வோல்ட்டில் மட்டும் ஓடுகிறது.

இங்கேதான் கம்ப்யூட்டர் சப்ளை மாட்டியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 2003க்குப் பிறகு வந்த ஏ.டி.எக்ஸ். சப்ளைகளில் மைனஸ் 5 பெரும்பாலும் கிடையாது. மைனஸ் 12 இருக்கும், நீலக் கம்பி. அதிலிருந்து, வோல்ட்டை நிலையாக வைக்கும் 7905 ரெகுலேட்டர் வைத்து மைனஸ் 5 எடுக்கலாம். ஆனால் அதன் கால்கள் 7805 மாதிரி இல்லை: முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் உள்ளே வருவது, மூன்றாவது வெளியே போவது. முதுகில் இருக்கும் உலோகத் தகடு நடுக்காலோடு சேர்ந்தது. அதைப் பெட்டியின் இரும்பில் திருகினால் மைனஸ் 12 நேரே கிரவுண்டுக்குப் போய்விடும். இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வையுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு உறைந்துவிடுகிறது

மீட்டரில் 5.02 என்று அழகாகத் தெரியும். ஆட்டம் மட்டும் நிற்கும். மீட்டர் காட்டுவது சராசரி. அடியில் அலை இருக்கிறதா என்று பார்க்க, அதே இடத்தில் மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. தலை உப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்து உள்ளே காய்ந்தவைதான் அதிகம். 105 டிகிரி என்று அச்சிட்டதாக, குறைந்த உள்தடை கொண்டதாக வாங்கிப் போடுங்கள். மின்விசிறி சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். எலி கடித்த கம்பியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

படம் உண்டு, சத்தம் இல்லை

12 வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலான ஜாமா போர்டுகளில் 12 வோல்ட் ஒலிபெருக்கிக்கு மட்டும்தான், அதனால் அது போனாலும் ஆட்டம் ஓடும். சத்தம் இருந்து அதோடு உறுமலும் இருந்தால், மேலே சொன்ன அலைச் சோதனையை 12 வோல்ட்டிலும் செய்யுங்கள்.

காசு போட்டவுடன் ரீசெட்

காசு எண்ணும் மீட்டரின் சுருள்தான் காரணம். சுருளுக்குப் போகும் மின்சாரம் நிற்கும் கணத்தில் அதிலிருந்து எதிர்த்து ஓர் அடி வரும். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று, கோடுள்ள பக்கம் பிளஸ்ஸில். இரண்டு ரூபாய் வேலை.

மாலையில் மட்டும், அல்லது கரண்ட் போன பிறகு மட்டும்

கோடையில் ஏழு மணிக்குத் தெரு முழுவதும் ஏ.சி. போட்டால் வீட்டுக்கு வருவது 230 ஆக இருக்காது. ஸ்விட்சிங் சப்ளைகள் 180 வரை தாங்கிவிடும். பழைய டிரான்ஸ்பார்மர் சப்ளைகள் தாங்காது. வருவது குறைந்தால் கொடுப்பதும் அதே விகிதத்தில் குறையும், ரெகுலேட்டருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில் பிளக்கில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் ஒரு ஸ்டெபிலைசர்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கோளாறு என்றால் கதை வேறு. டிரான்ஸ்பார்மர் சப்ளையின் கெப்பாசிட்டர் நிறைவது அலையின் உச்சத்தில். 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325. மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலைக்கு அந்த உச்சம் கிடையாது. மீட்டர் 230 என்றே காட்டும், போர்டுக்குப் போய்ச் சேர்வது குறைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் முனகுவதைக் காதாலேயே கேட்கலாம். காபிக் கடைத் தம்பி கனெக்டர் மாற்றிய ஒரு மாதத்தில் மறுபடி கூப்பிட்டார், அவருடைய இரண்டாவது பெட்டிக்காக. கரண்ட் போகும்போதெல்லாம் அது மட்டும் ரீசெட் ஆகிறதாம். போகவில்லை, அந்தப் பெட்டியின் பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துச் சாதாரண லைனில் மாட்டச் சொன்னேன். கரண்ட் போனால் ஆட்டமும் நிற்கும், வந்தால் ஓடும்.